தள்ளுபடியால் திரும்புவதில்லை வாடிக்கையாளர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவில் பணிபுரியும் என் மகளின் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர்ப் பகுதி அது. எதிர்வீட்டில் வசித்த முதியவர், கார் தொழிற்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மாலை நடையில் அவர் எனக்குத் துணை. ஒருநாள் அவர் வீட்டு வாசலில் புதிய கார் ஒன்று நின்றது. அவருடைய பேத்தி வாங்கியது. கொரிய நிறுவனத்தின் கார்.

தொழிற்சங்க அலுவலக வளாகத்தில் வெளிநாட்டுக் கார்களை நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருந்த காலத்தைப் பார்த்தவர் அவர். ஓய்வுபெற்ற தொழிலாளியின் குடும்பத்தினர் என்ற முறையில், அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் காரை அந்தப் பெண் ஊழியர்களுக்கான சலுகை விலையிலேயே வாங்கியிருக்கலாம். அந்தச் சலுகையை அவர் கேட்கக்கூட இல்லை. காரணத்தை முதியவர் வருத்தத்துடன் சொன்னார். கல்லூரியில் படித்தபோது அந்தப் பெண் ஓட்டியது தாத்தாவின் நிறுவனம் தயாரித்த சிறிய கார். அதன் கியர்பாக்ஸ் இரண்டு முறை பழுதானது. இரண்டாவது முறை உத்தரவாதக் காலம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நிறுவனம் கையை விரித்துவிட்டது. பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் முழுவதும் பணிமனைக்குப் போனது.

பொருளாதாரத்தை முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் கற்பித்தவன் என்ற முறையில், விலை குறைந்தால் தேவை கூடும் என்ற விதியை நான் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் கோடு செல்லாத இடமும் உண்டு என்பதை அந்த வீட்டு வாசல் எனக்கு நினைவூட்டியது. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் தாம் இழந்த வாடிக்கையாளர்களை மீட்பது எப்படி என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தப் பெண்ணின் நினைவுதான் வருகிறது.

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) ஒரு திட்டத்தை அறிவித்தது. தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் விலையிலேயே எவர் வேண்டுமானாலும் கார் வாங்கலாம் என்பதே அது. அந்த மாத விற்பனை முந்தைய ஆண்டைக் காட்டிலும் 41% உயர்ந்தது. ஃபோர்டும் கிறைஸ்லரும் உடனே அதே வழியில் இறங்கின. இலையுதிர் காலம் வருவதற்குள் விற்பனை சரிந்தது. பின்னர் வாங்கவிருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கினார்களே தவிர, புதிய வாடிக்கையாளர்கள் உருவாகவில்லை. அந்த ஆண்டு ஜி.எம். நிறுவனத்தின் இழப்பு 1,000 கோடி டாலருக்கும் அதிகம். நான்கே ஆண்டுகளில், 2009 ஜூன் 1 அன்று, அது திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரலில், ஃபோர்டு நிறுவனம் அதே ஊழியர் விலையை எல்லோருக்கும் என்று மீண்டும் அறிவித்தது. பழைய மருந்துச் சீட்டையே தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

நோய் என்ன என்பதைப் பார்ப்போம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதி ஜி.எம். தயாரிப்பு. ஃபோர்டையும் கிறைஸ்லரையும் சேர்த்தால் சந்தையின் மிகப்பெரும் பகுதி இந்த மூவர் கையில் இருந்தது. இன்று மூவரும் சேர்ந்து (கிறைஸ்லர் இப்போது ஸ்டெலாண்டிஸ் என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பின் உறுப்பு) ஐந்தில் இரண்டு பங்கு அளவையே வைத்திருக்கிறார்கள். இந்தச் சரிவை ஜப்பானியரின் மலிவு விலையாலும் எண்ணெய் நெருக்கடியாலும் விளக்குவது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால், எண்ணெய் விலை இறங்கிய பிறகும், ஜப்பானியக் கார்களின் விலை ஏறிய பிறகும் போனவர்கள் திரும்பவில்லையே?

1970-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு படைப்புகள் இதற்கு விடை தருகின்றன. ஒன்று, ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய எலுமிச்சைச் சந்தை பற்றிய கட்டுரை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் எலுமிச்சை என்றால் பழுதான கார் என்று பொருள். காரின் உள்நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாக் கார்களையும் ஐயத்துடனேயே மதிப்பிடுவார். நல்ல காருக்கும் உரிய விலை கிடைக்காது என்று அவர் நிறுவினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடித்தளம் இட்டது இந்தக் கட்டுரை. மற்றது ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதிய, வெளியேற்றம், குரல், விசுவாசம் ஆகிய மூன்றையும் ஆராயும் நூல். ஒரே வகையான குறையுள்ள நிறுவனங்கள் சில மட்டுமே சந்தையில் இருந்தால், அதிருப்தியுற்ற வாடிக்கையாளர்கள் அவற்றுக்குள்ளேயே மாறி மாறிச் சுற்றிவருவார்கள். எந்த நிறுவனத்துக்கும் தன் குறை உறைக்காது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

டெட்ராய்ட்டின் கதை ஏறக்குறைய இதுவே. ஃபோர்டில் கசந்தவர் ஷெவர்லேக்குப் போவார், அங்கே கசந்தவர் கிறைஸ்லருக்குப் போவார். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அந்தச் சுற்றுக்கு வெளியே ஒரு கதவு திறந்தபோதுதான், எத்தனை பேர் கசப்புடன் காத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது.

கதவு திறந்ததும் டெட்ராய்ட் செய்த முதல் வேலை, அதை அடைக்கும்படி அரசிடம் கேட்டது. இதற்கு முன்பே ஒரு கதவு வேறு காரணத்துக்காக அடைபட்டிருந்தது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி விதித்ததற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் சில பொருள்களுக்கு 25% இறக்குமதித் தீர்வை விதித்தார். பிராந்தியும் உருளைக்கிழங்கு மாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிறிய டிரக்குகளும் இருந்தன. கோழிச் சண்டை மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. டிரக்குகளுக்கான தீர்வை மட்டும் போகவில்லை. பிக்-அப் டிரக்கில் அமெரிக்க நிறுவனங்களுக்கு இன்றும் கிடைக்கும் கொழுத்த லாபத்துக்கு இந்தக் கோழி வரி ஒரு முக்கியக் காரணம். (அவர்களுடைய டிரக்குகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவற்றை வாங்குபவர்கள் எளிதில் விட்டுப் போவதில்லை.) ஆனால், போட்டியற்ற லாபம் டிரக்கில் கிடைத்ததால், போட்டி நிறைந்த சிறிய காரில் மனம் செலுத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

பிறகு 1981-இல், ரீகன் அரசின் வற்புறுத்தலால், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்று ஜப்பான் தானாக முன்வந்ததுபோல் ஒப்புக்கொண்டது. டெட்ராய்ட்டுக்கு மூச்சுவிட அவகாசம் தருவதே நோக்கம். விளைவு வேறு மாதிரியாக அமைந்தது. எண்ணிக்கைக்குத்தானே கட்டுப்பாடு? அனுப்புகிற ஒவ்வொரு காரும் விலை கூடியதாக இருக்கட்டும் என்று ஜப்பானியர் முடிவு செய்தனர். 1986-இல் ஹோண்டாவின் அக்யூரா வந்தது. 1989-இல் டொயோட்டாவின் லெக்சஸும் நிசானின் இன்ஃபினிட்டியும் வந்தன. அதுவரை எட்டாத சொகுசுக் கார் சந்தையும் அவர்கள் கைக்குள் வந்தது. தடுப்புச் சுவருக்கு வெளியே நிற்பானேன் என்று அமெரிக்க மண்ணிலேயே ஆலைகளும் அமைத்தனர்: ஒஹாயோவில் ஹோண்டா 1982, டென்னசியில் நிசான் 1983, கெண்டக்கியில் டொயோட்டா 1988.

அவகாசம் பெற்றவர்கள் அதை எப்படிச் செலவிட்டார்கள்? 1984-இல் ஜி.எம். ஒரு கணினிச் சேவை நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு ஹியூஸ் விமான நிறுவனத்தை 500 கோடி டாலருக்கு வாங்கியது. கிறைஸ்லர் இத்தாலியின் லம்போர்கினியையும் ஃபோர்டு இங்கிலாந்தின் ஜாகுவாரையும் வாங்கின. அந்த ஜாகுவார் பின்னர் டாடாவின் கைக்கு வந்தது நாம் அறிந்ததே. கியர்பாக்ஸுக்கும் கதவுக் கைப்பிடிக்கும் போயிருக்க வேண்டிய பணம் கௌரவத்துக்குப் போயிற்று.

அமெரிக்கத் தொழிலாளர்களால் நல்ல கார் செய்ய முடியாது, அவர்களின் தொழிற்சங்கம் விடாது என்றொரு வாதம் அந்நாளில் வலுவாக இருந்தது. இன்றும் கேட்கிறது. அதற்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஒழுங்கின்மைக்கும் வேலைக்கு வராமைக்கும் பெயர் போன அங்குள்ள ஆலையை ஜி.எம். 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டாக, நம்மி என்ற பெயரில் அதே ஆலை திறந்தது. பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் திரும்ப எடுக்கப்பட்டனர். அதே தொழிற்சங்கமும் இருந்தது. மாறியது நிர்வாகம். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவந்து உதவுவார். தேவையானால் உற்பத்தி வரிசையே நிற்கும். முன்பு வரிசையை நிறுத்துவது ஏறக்குறையக் குற்றம். பழுதான கார் அப்படியே நகர்ந்து போகும், கடைசியில் யாரேனும் சரிசெய்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஈடாக இருந்தது. இந்தப் பாடம் தன் சொந்த வீட்டுக்குள் நடந்தும், மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுசெல்ல ஜி.எம். பல ஆண்டுகள் தடுமாறியது. 2010-இல் நம்மி மூடப்பட்டது. அதே கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார் செய்கிறது.

வாடிக்கையாளரைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதற்கு ஜி.எம். கையிலேயே இன்னொரு சான்றும் இருந்தது. சாட்டர்ன் என்ற தனிப் பிரிவைத் தொடங்கி, டென்னசியின் ஸ்பிரிங் ஹில்லில் ஆலை அமைத்து, 1990-இல் முதல் காரை வெளியிட்டது. பேரம் இல்லை, ஒட்டியிருக்கும் விலையே விலை. தொடக்க நாள்களிலேயே ஒரு சோதனை வந்தது. 1991-இல் 1,800-க்கும் மேற்பட்ட கார்களில் என்ஜின் குளிர்விப்பு நீர்மம் தரமற்றது என்று தெரியவந்தது. நீர்மத்தை மாற்றி அனுப்பியிருக்கலாம். சாட்டர்ன் காரையே மாற்றித் தந்தது. 1994-இல் ஆலையைப் பார்க்க வருமாறு கார் உரிமையாளர்களை அழைத்தபோது, தம் சொந்தச் செலவில் 40,000-க்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தனர். வெளிநாட்டுக் காரை விட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். கார் தொழிற்சாலைக்கு யாத்திரை போன வாடிக்கையாளர்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தச் செல்லப்பிள்ளைக்கு வீட்டில் மற்ற பிரிவுகளின் பொறாமை இருந்தது. பல ஆண்டுகள் புதிய மாதிரிகளுக்குப் பணம் தரப்படவில்லை. கடைசியில் சாட்டர்னும் ஜி.எம்-இன் இன்னொரு பெயர்ப்பலகை என்றாகி, திவாலுக்குப் பிறகு மூடப்பட்டது. இதைவிடக் கொடிய முடிவு பின்னர் வெளிவந்தது. 2014-இல் ஜி.எம். உலகெங்கும் ஏறத்தாழ 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. சாவி செருகும் விசை, ஓடும்போதே நழுவி, என்ஜினை நிறுத்தி, காற்றுப்பைகளையும் செயலிழக்கச் செய்தது. ஒரு டாலருக்கும் குறைவான உதிரிபாகம் அது. குறை இருப்பது நிறுவனத்துக்குள் பத்தாண்டுகளாகச் சிலருக்குத் தெரிந்தே இருந்தது. 124 பேர் இறந்ததாக நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. பாதிக்கப்பட்ட கார்களில் ஷெவர்லே கோபால்ட் இருந்தது. சாட்டர்ன் அயானும் இருந்தது.

அந்தக் கார்களை ஓட்டியவர்களில் பலர் இளைஞர்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிறிய, மலிவான கார் யாருக்கு? முதன்முறையாகக் கார் வாங்குபவருக்கு, மகனுக்கோ மகளுக்கோ வாங்கித்தரும் பெற்றோருக்கு, பழைய காரை வாங்கும் மாணவருக்கு. இந்த முதல் கார்தான் ஒரு நிறுவனத்தைப் பற்றிய வாழ்நாள் கருத்தை உருவாக்குகிறது. டெட்ராய்ட் தன் கவனத்தையும் தரத்தையும் பெரிய டிரக்குகளில் வைத்து, முதல் கார் வாங்குபவருக்கு மிச்சமீதியைக் கொடுத்தது. ஃபோர்டின் கதையும் இதுதான். 2006-இல் போயிங்கிலிருந்து வந்த ஆலன் முலாலி, நீல நிறச் சின்னத்தைக்கூட அடகு வைத்து 2,360 கோடி டாலர் கடன் வசதி திரட்டி, 2009-இல் திவாலிலிருந்து ஃபோர்டைக் காப்பாற்றினார். பாராட்ட வேண்டிய செயல். ஆனால், அதைத் தொடர்ந்து வந்த ஃபியஸ்டா, ஃபோகஸ் என்ற சிறிய கார்களின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் குலுங்கியும் தடுமாறியும் உரிமையாளர்களை நீதிமன்றம்வரை கொண்டுபோய் நிறுத்தியது. 2018-இல், சிறிய கார்களில் லாபமில்லை என்று சொல்லி, மஸ்டாங் தவிர மற்ற கார் வகைகளை வட அமெரிக்காவில் படிப்படியாகக் கைவிடப்போவதாக அதே ஃபோர்டு அறிவித்தது.

லாபமில்லை என்பது உண்மையே. ஏன் லாபமில்லை? அகெர்லாஃப் சொன்ன சங்கிலி இங்கே வேலை செய்கிறது. முதல் தலைமுறைக் கார் பழுதாகிறது. அதன் மறுவிற்பனை மதிப்பு விழுகிறது. அது விழுவதால் அடுத்த புதிய காரைத் தள்ளுபடி இல்லாமல் விற்க முடிவதில்லை. தள்ளுபடி கொடுத்தால் லாபம் போகிறது. லாபம் போவதால் அடுத்த காரில் செலவு குறைக்கப்படுகிறது. அது மறுபடி பழுதாகிறது. அதே அளவுள்ள சிவிக், கொரோலா கார்களில் ஹோண்டாவும் டொயோட்டாவும் சம்பாதித்துக்கொண்டே இருந்தன. காரின் அளவு சிறிதானதால் வந்த நட்டம் அன்று இது.

இந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டு வெளியே வந்த நிறுவனம் ஒன்று உண்டு. 1986-இல் ஹூண்டாய் 4,995 டாலர் விலையில் எக்செல் என்ற காருடன் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. விற்பனை அமோகம். பழுதுகளும் அமோகம். சில ஆண்டுகளில் அதன் பெயர் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களின் கேலிப்பொருளாயிற்று. 1998-இன் இறுதியில் அது எடுத்த முடிவு, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் உத்தரவாதம். பைத்தியக்காரத்தனம் என்றனர் பலர். பொருளியலில் இதைச் சமிக்ஞை என்போம். மோசமான காரைச் செய்பவனுக்கு இத்தகைய வாக்குறுதி கட்டுப்படியாகாது. ஆகவே, வாக்குறுதி தருவதே தரத்துக்குச் சாட்சி. அதைவிட முக்கியம், வாக்குறுதி கொடுத்த பின் தரத்தை உயர்த்தாமல் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு பழுதும் இனி நிறுவனத்தின் செலவுக் கணக்கில் வரும். 2009 ஜனவரியில், வேலை பறிபோகும் அச்சத்தில் அமெரிக்கா உறைந்திருந்தபோது, வாங்கிய ஓராண்டுக்குள் வேலை இழந்தால் காரைத் திருப்பித் தந்துவிடலாம் என்று ஹூண்டாய் அறிவித்தது. நாட்டின் மொத்தக் கார் விற்பனை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிய அந்த ஆண்டில் ஹூண்டாய் விற்பனை கூடியது. பிற்காலத்தில் அதன் என்ஜின்களிலும் கடுமையான குறைகள் வெளிப்பட்டன, அபராதமும் கட்டியது. எவரும் புனிதர் அல்லர். ஆயினும், கேலிப்பொருளாக இருந்த பெயர் பத்தாண்டுகளில் மரியாதைக்குரியதாக மாறியதை எவரும் மறுப்பதற்கில்லை.

இதை டெட்ராய்ட் அறியாமல் இல்லை. 2007 மாதிரிகள் முதல் ஜி.எம். தானும் 5 ஆண்டு, 1 லட்சம் மைல் உத்தரவாதம் கொடுத்தது. திவாலுக்குப் பின் 60 நாள்களுக்குள் திருப்பித் தரலாம் என்றும் விளம்பரம் செய்தது. பிறகு நடந்ததுதான் வியப்பு. சாவி விசை விவகாரம் நாடாளுமன்ற விசாரணைக்கு வந்து ஓராண்டு முடிவதற்குள், 2015 மார்ச்சில், அடுத்த மாதிரிகள் முதல் ஷெவர்லே கார்களுக்கான உத்தரவாதத்தை 60,000 மைலாகக் குறைத்தது. வாங்குபவர்கள் அதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுவதில்லை என்று தன் ஆய்வில் தெரிந்ததாக விளக்கமும் சொன்னது. ஏற்கெனவே வாங்க வந்தவரிடம் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். வாசலைத் தாண்டியே வராதவரிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்!

இன்றைய நிலைக்கு வருவோம். 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் புதிய காரின் சராசரி விலை முதன்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. ஏழாண்டுக் கடன் அபூர்வமல்ல என்றாகிவிட்டது. சாலையில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 12-க்கும் அதிகம். இந்தச் சூழலில் 2025 ஏப்ரல் முதல் இறக்குமதிக் கார்களுக்கு 25% தீர்வை விதிக்கப்பட்டது. சில நாடுகளுக்குப் பின்னர் 15% ஆகக் குறைக்கப்பட்டது. சீன மின்சாரக் கார்களுக்கு 2024-லேயே 100% தீர்வை. 1981-இன் கதை பெரிய அளவில் மீண்டும் அரங்கேறுகிறது. ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். ஜி.எம்-இன் ஷெவர்லே டிராக்ஸ் சுமார் 20,000 டாலரில் தொடங்கும் சிறிய வாகனம். 2024-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 லட்சம் விற்றது. மலிவாகவும் நாணயமாகவும் ஒன்றைக் கொடுத்தால் அமெரிக்கப் பெயரையும் மக்கள் வாங்குவார்கள் என்பதற்கு நிகழ்காலச் சான்று அது. அந்த வாகனம் தயாராவது தென்கொரியாவில். அமெரிக்க நிறுவனத்தைக் காக்க எழுப்பிய சுவர் அந்த நிறுவனத்தின் சிறந்த மலிவு வாகனத்தின் மீதே சாய்கிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2018 முதல் அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற மிகச் சிறிய எஸ்.யு.வி-யான ஈகோஸ்போர்ட், நம் மறைமலை நகரில் செய்து அனுப்பப்பட்டது. 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-இல் கடைசி ஈகோஸ்போர்ட் வெளிவந்தது. ஆலைத் தொழிலாளர்களும் விற்பனை முகவர்களும் பட்ட பாடு தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரியும். அமெரிக்கக் காட்சியகங்களில் இருந்த சிறிய, விலை குறைந்த வாகனமும் அத்துடன் போயிற்று. 2025-இல் மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் உற்பத்தி தொடங்கப்போவதாக ஃபோர்டு அறிவித்திருக்கிறது. வரவேற்போம். ஆனால், கார் வாங்கியவர்களை நடுவழியில் விட்டுச்சென்ற நினைவு எந்த நாட்டிலும் எளிதில் மறைவதில்லை.

தரத்தில் என்ன நிலை? 2014-இல் 77 முறை கார்களைத் திரும்ப அழைத்த ஜி.எம்-இன் சாதனையை முறியடித்து, 2025 ஒரே ஆண்டில் ஃபோர்டு 100-க்கும் மேற்பட்ட முறை திரும்ப அழைத்திருக்கிறது. குறையை மறைக்காமல் சொல்வதன் அடையாளம் இது என்கிறது நிறுவனம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம்; மறைத்தால் என்ன ஆகும் என்று 2014-இல் பார்த்தோம். ஆனாலும், பணிமனைக்கு நான்காம் முறை போகிறவருக்கு இந்தத் தத்துவம் ஆறுதல் தராது. ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி, சீனத்தின் ஷாவ்மி மின்சாரக் காரை வரவழைத்து ஆறு மாதம் ஓட்டியதாகவும், அதை விட மனமில்லை என்றும் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். போட்டியாளரின் பொருளை மதிக்கத் தெரிந்த தலைமை டெட்ராய்ட்டுக்குப் புதிது, நல்ல அறிகுறி. 2027-இல் சுமார் 30,000 டாலரில் நடுத்தர அளவுள்ள ஒரு மின்சாரப் பிக்-அப்பைக் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையிலிருந்து கொண்டுவரப்போவதாகவும் அவருடைய நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இந்த நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் நான் இல்லை. மாணவர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வேனோ அதைச் சொல்கிறேன். மலிவான கார் ஒன்றை டிரக்குக்குக் கொடுக்கும் அதே அக்கறையுடன் செய்யட்டும். அதற்கு 10 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கட்டும். அந்த உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் முழுமையாகச் செல்லட்டும். ஏனெனில், இளைஞர்கள் வாங்குவது பெரும்பாலும் பழைய கார். ஹூண்டாய்கூடத் தன் நீண்ட உத்தரவாதத்தின் முழுப் பயனை முதல் உரிமையாளருக்கே வைத்திருக்கிறது. அவர்கள் விட்டுவைத்த இடம் அது. உத்தரவாதம் முடிந்த மறுவாரம் வரும் பழுதைச் சட்டத்தின் எழுத்தைப் பார்த்துத் தள்ளாமல், குளிர்விப்பு நீர்மத்துக்காகக் காரையே மாற்றிய சாட்டர்னின் மனத்துடன் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி எழும். பங்குதாரர்கள் பொறுக்க மாட்டார்கள் என்பார்கள். 2023-இல் ஆறு வார வேலைநிறுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட நிறைவடைவதற்குள் ஜி.எம். 1,000 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதாக அறிவித்தது. பங்கின் விலை ஏறியது. பங்குதாரர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை; வேறு எங்கும் போட முடியாத பணத்தைத் திருப்பித் தருவதே முறை என்று பாடநூலும் சொல்கிறது. வேறு எங்கும் போட முடியாது என்ற முன்னுரையைத்தான் நான் ஏற்கவில்லை. அந்தத் தொகையில் ஒரு சிறுபகுதி, இப்படி ஓர் உத்தரவாதத்துக்கு எத்தனையோ ஆண்டுகள் தாங்கும்.

காலம் மட்டும் விலைக்குக் கிடைக்காது. ஹூண்டாய்க்கே பத்தாண்டு பிடித்தது. வாகனங்கள் 12 ஆண்டுக்கும் மேல் ஓடும் நாட்டில், இன்று ஆலையை விட்டு வெளிவரும் கார் 2038-இல் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்துத்தான் அன்று ஒருவர் முடிவெடுப்பார். தலைமை நிர்வாகியின் பதவிக்காலம் அத்தனை நீளமில்லை என்பதே இதிலுள்ள பெரிய சிக்கல்.

என் மகள் சென்ற மாதம் பேசியபோது எதிர்வீட்டு முதியவரைப் பற்றிக் கேட்டேன். நலமாக இருக்கிறாராம். பேத்தியின் கார்க்கடன் இன்னும் சில மாதங்களில் முடிகிறதாம். அடுத்து வாங்கும்போது தன் பழைய நிறுவனத்தின் காரை ஒரு முறை ஓட்டியாவது பார்க்கும்படி அவர் கேட்டிருக்கிறார். பேத்தி மறுக்கவில்லை, கியர்பாக்ஸுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று விசாரித்துச் சொல்லும்படி தாத்தாவிடம் சொல்லியிருக்கிறாராம்.